பிரிண்டருக்கு முன்னால் முழங்காலிட்டவன்

கண்ணு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபையில் யாராவது ஒருவர் கண்ணும் மூக்கும் வைத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் இந்த மெயிலில் என் வாயாலேயே வரட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் அப்பன் நம் வீட்டுப் பிரிண்டருக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்ததை உபதேசியார் பார்த்துவிட்டார். பார்த்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அவரும் பக்கத்தில் வந்து முழங்காலிட்டுவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த இடம் அப்படி. ஹாலில் மர அலமாரியின் கீழ்த்தட்டில் பிரிண்டரை வைத்தவள் நீ. பனியில் காகிதம் நமுத்துப்போகிறது என்று உள்ளே எந்நேரமும் மஞ்சள் பல்பை எரியவிட்டவள் உன் அம்மா. மேல்தட்டில் வேதாகமம், அதற்கும் மேலே உன் ஞானஸ்நானப் போட்டோ. கதவைத் திறந்தால் சின்னதாக ஒரு பீடம் மாதிரிதான் இருக்கிறது. பின்பக்கம் ஏதாவது ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன், என் வயிறு குனிய விடவில்லை, முழங்காலிட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “என்னதான் வேணும் உனக்கு? சொல்லு, செய்யறேன்” என்று பிரிண்டரிடம் மனம்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா மொட்டை மாடியில் மிளகை அள்ளிக்கொண்டிருந்ததால் வாசலில் வந்தவரை ‘வாங்க’ என்று சொல்ல ஆளில்லை. திடீரென்று என் தோளில் ஒரு கை விழுந்தது.

“ஆண்டவரே, இந்தத் தகப்பனைக் கண்ணோக்கிப் பாரும். கடல் தாண்டிப் போன பிள்ளையை நினைத்து உடைந்து போயிருக்கிறாரே” என்று ஆரம்பித்தார். எழுந்துகொள்ள வழியில்லை. உன் வேலை, உன் உடம்பு, முனிச் நகரத்துக் குளிர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுத்தார். கடைசியில், “அடைபட்டதெல்லாம் திறக்கட்டும், தடைபட்டதெல்லாம் ஓடட்டும்” என்றார். எனக்கு அந்த நேரத்தில் வேண்டியதைச் சொல்லி வைத்தாற்போல் அவர் கேட்டதால், ஊரே அதிர ஆமென் சொன்னேன். அலமாரித் தூசியில் கண் வேறு கலங்கியிருந்தது. அவர் அதையும் பார்த்துக்கொண்டார். விளைவு, சபையில் நான் இப்போது பெரிய விசுவாசி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரிண்டரைப் பற்றி எப்படிச் சாட்சி சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நிலைமை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து தொடங்க வேண்டும். உன் கம்பெனியில் நிரந்தர வேலைக்கான தாளைக் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் இருக்கிறேனா வருகிறேனா என்று சொல்ல வேண்டும் என்றாய். நானும் அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு நீ, “நான் வந்தர்றேம்மா. அப்பா வாரத்துக்கு ஒருக்கா ஏதாச்சும் நின்னு போச்சுன்னு கூப்புடறாரு. பிரிண்டர் நின்னாக்கூட அங்க யாரு பாப்பாங்க? உங்க ரெண்டு பேரையும் உட்டுட்டு எனக்கு இங்க இருக்கவே முடியல” என்றாய். உன் அம்மா “வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்குதல்ல, யோசி சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

கழுவி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். “ஏனுங்க, போன மாசம் லேப்டாப்புல சத்தம் வரலைன்னு புள்ளயக் கூப்புட்டீங்களே, அத மியூட்டுல போட்டது யாருங்க?” என்றாள். கண்ணு, அதுவும் இந்தக் கடிதத்தில் வந்துவிடட்டும்: நான்தான். அதற்கு முந்தின வாரம் திரையெல்லாம் தலைகீழாகிவிட்டது என்று கூப்பிட்டேனே, அதைத் தலைகீழாக்கியதும் நான்தான். எந்தப் பட்டனை அழுத்தினால் திரும்பும் என்று தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. ‘சும்மா கூப்பிட்டேன்’ என்றால் நீ மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். ‘கெட்டுப்போச்சு’ என்றால் மீட்டிங்கை விட்டு ஓடி வருவாய். ஓடி வந்து, அங்கிருந்தபடியே நம் வீட்டு லேப்டாப்புக்குள் நுழைவாய்; அம்புக்குறி தானாக நகருவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இந்தச் சின்னத் திருட்டுக்கு நீ உன் வேலையைக் கொடுக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் பார்த்த பார்வையில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பல்லைப் பிடுங்கச் சேலம் போயிருந்தேன். அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானத்துக்கு மேல் கன்னம் வீங்கி வீடு வந்து சேர்ந்தால், உன் அம்மா, “காலைல இங்க நொம்ப இடிங்க. எல்லாப் பிளக்கையும் புடுங்கிப் போட்டு இப்பத்தான் திருப்பிச் சொருவினேன்” என்றாள். கீழே வெயில் என்றால் மேலே மழை என்பது நமக்குப் புதிதா? இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவதும் ஏற்காட்டில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒரு வருஷம் கொட்டச்சேட்டில் உன் மாமா வீட்டு டிவி இடியில் புகைந்ததிலிருந்து, தூரத்தில் லாரி டயர் வெடித்தாலே உன் அம்மா சுவரைப் பார்த்து ஓடுகிறவள். நான் சந்தேகப்படவில்லை. “குருத்தோலை ஞாயித்துக்குப் பாட்டுத்தாளு அடிக்கோணுங்க. நாளைக்குச் சாயங்காலம் பாடகர் குழு பிராக்டீசுக்கு வந்துருவாங்க. அடிச்சுக் குடுத்துருங்க” என்றாள். அடித்தேன். போகவில்லை.

டவுனில் ஜெராக்ஸ் கடை இருக்கிறதே என்றேன். “போங்களேன்” என்றாள், மிக மரியாதையாக. “போயி எடுத்துட்டு வாங்க. அப்பறம் வெள்ளிக்கெழம புள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க, நாங்க நல்லாத்தான் இருக்கறோம், ஒரு தாளு வேணும்னா மட்டும் பஸ் ஏறுவோம்னு.” சரி, உன்னைக் கூப்பிடலாமா என்று போனைத் தொட்டேன். “அதத் தொட்டீங்கன்னா ராத்திரிக்குச் சோறு இல்ல.” வீங்கின கன்னத்தோடு சோறு எனக்கெதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பயந்துவிட்டேன்.

ஆகவே கண்ணு, எஸ்டேட் ரைட்டராக ஆள் வருகையும் காப்பி மூட்டையும் எழுதியே தலை நரைத்த உன் அப்பன், தன்னந்தனியாக நீ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த லினக்ஸ் ராஜ்ஜியத்துக்குள் இறங்கினேன். நீ ஊருக்குப் போன அன்றைக்குக் காரில் பிரிண்டரைப் பற்றித்தான் அடிவாரம் வரைக்கும் பாடம் நடத்தினாய். ஆனால் மலையிலேயே பிறந்தும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான். ஒவ்வொரு வளைவிலும் என் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. உன் பாடத்தில் எனக்கு நேர் ரோட்டில் சொன்னது மட்டும்தான் தெரியும். பின்சீட்டில் உன் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாளா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். வைஃபை ரவுட்டரைத் தட்டினேன். அதட்டினேன். என் லேப்டாப்பிலிருந்து போகவில்லை என்று ஹாலில் இருக்கும் அம்மாவின் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினேன், அதிலிருந்தும் போகவில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் கெட்டுப்போகாது, ஆகவே கோளாறு இந்த இரண்டிலும் இல்லை என்று எனக்கே தோன்றியது. அந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன். பிறகு பிரவுசரில் நீ குறித்து வைத்திருந்த பிரிண்டர் பக்கத்தைத் திறந்தேன். அச்சு வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, பிரிண்டரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று இருந்தது. தொடரச் சொல்லி அழுத்தினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மறுபடியும் நின்றது. கோபத்தில் பெரிய எழுத்தில் “அடிச்சுத் தொலைடா” என்று ஒரு பக்கம் தட்டி, அதையும் அச்சுக்கு அனுப்பினேன். அந்தப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள், திரும்ப வரும்.

புதன்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் ‘பிங்’ என்று அடித்து, பிரிண்டருக்கு நீ எழுதி வைத்த எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணில் இருக்கும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பதில் வரும், நேர் ரோட்டில் நீ சொன்னது அது. அடித்தேன். பதில் வந்தது! பிரிண்டர் உயிரோடு இருக்கிறது, ‘இருக்கேன், இருக்கேன்’ என்று வரிவரியாகச் சொல்கிறது, ஆனால் ஒரு தாளைக்கூடத் தள்ள மாட்டேன் என்கிறது. இது ரிப்பேர் இல்லை, திமிர் என்று முடிவுகட்டி, எழுந்து போய் பிரிண்டரின் பிளக்கையே ஒயரோடு உருவி எடுத்துவிட்டேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தால், சாமி, மயிர்க்கூச்செறிந்தது. பதில் வந்துகொண்டே இருக்கிறது. பிளக் என் கையில் இருக்கிறது. அது ‘இருக்கேன், இருக்கேன்’ என்கிறது.

ஹாலில் உன் அம்மா டிவி பார்த்துக்கொண்டே பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். “இங்க பேய் இருக்குது” என்றேன். “எங்க, கண்ணாடிலயா?” என்றாள் திரும்பாமல். நாடகம் முடிந்து டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரையில் பதில் நின்றது. நான் டிவியைப் போட்டேன், பதில் வந்தது. அணைத்தேன், நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். “டிவி கெட்டுப் போவுமுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் எஸ்டேட் லயன் வீட்டுக் கதைதான் இது. வேலைக்கு வரும் குடும்பங்களுக்கு நான் லயனில் வீடு ஒதுக்குவது மாதிரி, ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்கு எண் ஒதுக்குகிறது. செவ்வாய்க்கிழமை உன் அம்மா பிளக்கைப் பிடுங்கியபோது எல்லாரும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். திருப்பிச் சொருகியபோது டிவி முந்திக்கொண்டு வந்து பிரிண்டர் இருந்த வீட்டில் குடியேறிவிட்டது. பிரிண்டருக்கு வேறு வீடு கிடைத்தது. நம் இரண்டு கம்ப்யூட்டர்களும் பழைய கதவையே தட்டி, குருத்தோலைப் பாட்டை டிவியிடம் கொடுத்து ‘அச்சடி’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. டிவி என்ன செய்யும், பாவம்!

பிளக்கைத் திருப்பிச் சொருகி, பிரிண்டரின் சின்னத் திரையில் அதன் புது எண்ணைப் பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினேன். தொடரச் சொல்லி அழுத்தினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அலமாரிக்குள் ஒரு இருமல். பிறகு ஒரு தாள். பிறகு இன்னொன்று. நான் ‘ஏ ஸ்டெல்லா’ என்று கத்தியதில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கத்தியது நீ பிறந்த அன்றைக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு இதுதான். பட்டாணித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். டிவி, எண், லயன் வீடு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். “அட, அப்படீங்களா” என்றாள். அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒரு மேதை இருக்கிறான் என்பதை யாரும் ஆச்சரியமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆத்திரத்தில் நான் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் அழுத்தி அழுத்தி அனுப்பியதெல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கிறது. காகிதக் கட்டே தீருகிற மட்டும் வந்தது. அந்தக் கட்டை அப்படியே உன் அம்மா சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பகிர்ந்துவிட்டாள். பள்ளிக்கூட வாத்தியார், அதுதான் அடித்தொண்டையில் பாடுவாரே அவர், எழுந்து நின்று தொண்டையைக் கனைத்து, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அக்கா, எனக்கு மட்டும் வேற பாட்டுங்களா?” என்றார். அவர் கையில் இருந்தது “அடிச்சுத் தொலைடா.”

சிரித்துவிட்டாயா? சரி, இப்போது கேள். எண்ணை மாற்றியதோடு நான் விடவில்லை. ரவுட்டருக்குள் போய், பிரிண்டருக்கு இந்த எண்தான், வேறு யாருக்கும் கொடுக்காதே என்று எழுதி வைத்துவிட்டேன். இனி எத்தனை இடி இடித்தாலும், எந்த வரிசையில் சொருகினாலும் அது தன் வீட்டுக்கே போகும். நீ கம்ப்யூட்டர் பக்கத்தில் எண்ணைக் கட்டி வைத்தாயே தவிர ரவுட்டர் பக்கத்தில் கட்டவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்துக்கெல்லாம் சர்வர் பார்க்கிற என் மகள் விட்ட ஒரு முடிச்சை நான் போட்டேன் என்பதை, அடுத்த பத்து வருஷத்துக்கு எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லப்போகிறேன், அதற்கு இப்போதே அனுமதி வாங்கிக்கொள்கிறேன்.

நீ பத்தாவது படிக்கும்போது எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்து, அந்த லினக்ஸ் பெங்குவினை உள்ளே ஏற்றி, அதை எழுப்பிவிட்டாய். மேனேஜர், “யோவ் ரைட்டர், இது உம்ம வேலையா, புள்ள வேலையா?” என்றார். “சார், நான் தொட்டா ஓடறதும் நின்னுருமுங்க” என்றேன். நீ அவரைப் பார்த்து, “சார், பாஸ்வேர்டை மானிட்டர்ல ஒட்டி வைக்காதீங்க” என்றாய். அந்த மனிதரிடம் அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கிழித்து எடுத்துவிட்டார். இப்போது கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு உன் பின்னால்தான் நடந்து வந்தேன். வேண்டுமென்றேதான் பின்னால். எதிரில் வருகிறவர்கள் முதலில் உன்னைப் பார்க்கட்டும், பிறகு இவன் யார் என்று கேட்கட்டும் என்றிருந்தது. அந்த நடையைத்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன், நீ முனிச்சில் இருந்தாலும்.

அப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது நேற்று கற்றுக்கொண்ட ஒன்றுதான். பதில் வருகிறது என்பதால், பதில் சொல்வது நாம் கூப்பிட்ட ஆள்தான் என்று நம்பிவிடக் கூடாது. நீ தினமும் ‘நல்லாருக்கேம்ப்பா’ என்கிறாய். நாங்களும் ‘நல்லாருக்கோம் கண்ணு’ என்கிறோம். இரண்டு பக்கமும் பதில் வருகிறது. பேசுவது டிவியா பிரிண்டரா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இனி எதுவும் கெட்டுப்போகாமலே கூப்பிடுவேன். ‘உன் குரலைக் கேட்கணும்’ என்று சொல்லியே கூப்பிடுவேன். மீட்டிங் என்றால் மீட்டிங் என்று சொல், வைத்துவிடுகிறேன். உனக்கு அங்கே தனியாக இருந்தால் தனியாக இருக்கிறது என்று சொல். அதற்காகத் திரும்பி வந்தால் கதவு திறந்திருக்கும். அடுப்பில் பட்டாணிக் குழம்பும் இருக்கும். ஆனால் எங்களுக்காக வராதே. பிரிண்டருக்காக வரவே வராதே. நாளைக்கு அந்தத் தாளில், உன் மனம் இருக்கிறேன் என்று சொன்னால், கையெழுத்துப் போடு. வீடு ஓடுகிறது கண்ணு. நின்றால் நான் முழங்காலிட்டு எழுப்பிக்கொள்வேன், கூட உபதேசியாரும் இருக்கிறார்.

ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை உபதேசியார் போன பிறகு, மொட்டை மாடியிலிருந்து மிளகுச் சாக்கை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். போன வாரம் பச்சையாகப் பரப்பியது. கறுத்துச் சுருங்கி, கலகலவென்று, சாக்கைத் தாண்டித் தோளைச் சுட்டது. வானம் கறுத்தால் முதலில் மிளகை அள்ளுகிறவள், பிறகுதான் பிளக்கைப் பிடுங்குகிறவள் உன் அம்மா. அந்த மிளகோ நாள் முழுக்க வெயிலில் கிடந்து காய்ந்திருக்கிறது. இன்றைக்குக் காலையில் அதைப் புடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியை ஏன் முதலில் சொருகினாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, கேட்டால் மேலே எழுதிய வெற்றியெல்லாம் யாருடையது என்று ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை ஏற்காட்டில் இடியே இடிக்கவில்லை.

அப்பா